வண்டிக்கு வரி எதை அளந்து போடுவது? பெட்ரோலையா, கிலோமீட்டரையா, எடையையா?

ஊரப்பாக்கம்_ஸ்கூட்டர் · 2025 ஜூலை 21

வண்டி வாங்கும்போதே லைஃப் டேக்ஸ் கட்டியாச்சு. பெட்ரோலில் பாதிக்குப் பக்கம் வரி என்கிறார்கள். கார்க்காரர்கள் அதற்குமேல் டோலும் கட்டுகிறார்கள். எதிர்வீட்டு மின்சாரக் கார் எதுவுமே கட்டுவதில்லை. இத்தனை வரியையும் எடுத்துவிட்டு, ஓடுகிற கிலோமீட்டருக்கு எல்லா வண்டிக்கும் ஒரே வரி என்று வைத்தால் என்ன? எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

அச்சுப்பளு · 2025 ஜூலை 21

ஓட்டை பெரிது. முதல் அடி உங்கள் ஸ்கூட்டருக்குத்தான் விழும்.

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் 80 காசு அளவில் நிற்கிறது. அதில் ஒன்றிய அரசின் கலால் 21.90. மாநிலத்தின் வாட் 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் சேர்ந்தது. 21, 22 ரூபாய் வரும். ஆக மொத்தம் 43 ரூபாய். டீசலில் கலால் 17.80, வாட் 11 சதவீதமும் 9.62 ரூபாயும், மொத்தம் 35 ரூபாய்க்கு அருகில்.

இதை மைலேஜால் வகுத்துப் பாருங்கள். 45 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 95 காசு வரி கட்டுகிறது. 15 கொடுக்கும் கார் 2 ரூபாய் 87 காசு. லிட்டருக்கு 4 கி.மீ. போகும் ஆறு வீல் லாரி 8 ரூபாய் 75 காசு. கிலோமீட்டர் வரி ஏற்கெனவே இருக்கிறது; பெட்ரோல் பங்க்தான் மீட்டர். எல்லோருக்கும் காரின் விகிதம் என்றால் ஸ்கூட்டருக்கு மூன்று மடங்கு ஏறும், லாரிக்கு மூன்றில் ஒன்றாக இறங்கும்.

கணக்குப்புலி · 2025 ஜூலை 21

எதிர்வீட்டு மின்சாரக் கார் எதுவும் கட்டுவதில்லை என்பது சரியில்லை. ஜிஎஸ்டி 5 சதவீதம் உண்டு. தேசிய நெடுஞ்சாலை டோலும் மற்ற கார் மாதிரியேதான். கட்டாதது இரண்டு: தமிழ்நாட்டில் மோட்டார் வாகன வரிக்கு 2025 டிசம்பர் 31 வரை 100 சதவீத விலக்கு இருக்கிறது, அப்புறம் பெட்ரோல் வரி. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் எரிபொருளில் மட்டும் 28,700 ரூபாய் வரி தருகிறது. மின்சாரக் காரிடம் அரசு இழப்பது அந்தத் தொகையைத்தான்.

கலாலைப் பற்றி இன்னொன்று. 21.90-ல் அடிப்படைக் கலால் 1.40 மட்டும். மிச்சம் சிறப்புக் கூடுதல் கலால் 13, சாலை உள்கட்டமைப்பு செஸ் 5, வேளாண் செஸ் 2.50. மாநிலங்களுக்குப் பங்கு போவது அந்த 1.40-ல் மட்டுமே. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு. அதிலும் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். லிட்டருக்கு இரண்டேகால் காசுதான் தேறும். மாநிலம் ஏன் வாட்டை விடாது, ஏன் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் விடாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அரசியல் சாசனம் 279ஏ(5) படி ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தால் மறுநாளே கொண்டுவரலாம். அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்களும் இதே நிதியமைச்சர்கள்தான்.

அச்சுப்பளு · 2025 ஜூலை 22

ஏப்ரலில் கலாலை 2 ரூபாய் ஏற்றினார்கள், பங்க் விலை நகரவே இல்லை. கச்சா எண்ணெய் இறங்கியதில் எண்ணெய் நிறுவனங்கள் தாங்கிக்கொண்டன. 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ஏற்றியபோதும் இதே வேலைதான். கச்சா விலை இறங்கும்போது வரி சத்தமில்லாமல் உள்ளே வரும். ஏறும்போது சத்தத்தோடு கொஞ்சம் வெளியே போகும்: 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10; 2022 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6. ஓட்டுகிறவருக்குத் தன் வரி எவ்வளவு என்று எந்த நாளும் தெரியாது. தெரியாத வரி நியாயமா இல்லையா என்று யார் கேட்பது?

ஊரப்பாக்கம்_ஸ்கூட்டர் · 2025 ஜூலை 22

சரி, ஒரே விகிதம் வேண்டாம். ஆனால் 110 கிலோ வண்டி சாலைக்கு என்ன சேதம் செய்துவிடும்? எனக்கு வரியே இருக்கக் கூடாது.

அச்சுப்பளு · 2025 ஜூலை 23

சேதம் ஒரு கணக்கு, இடம் இன்னொரு கணக்கு, புகை மூன்றாவது. மூன்றையும் ஒரே குடத்தில் ஊற்றுவதால்தான் இந்தச் சண்டை தீர்வதில்லை.

சேதத்தில் நீங்கள் சொல்வது சரி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா ஊருக்குப் பக்கத்தில் வட்டச் சாலைகள் போட்டு, லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுச் சுமை (ஓர் அச்சின் சக்கரங்கள் சேர்ந்து சாலையில் அழுத்தும் எடை) இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு, அதாவது நான்காம் அடுக்கு என்பது அங்கே கிடைத்த விதி. நம் ஊர்த் தார்ச்சாலைத் தடிமனைக் கணக்கிடும் ஐஆர்சி 37 (இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல்) இன்றும் இதன்மேல்தான் நிற்கிறது. 11.5 டன் ஏறிய லாரிப் பின்னச்சையும் 0.6 டன் கார் அச்சையும் ஒப்பிட்டால் சேத விகிதம் ஒன்றுக்கு 1,35,000. ஸ்கூட்டரை இந்தத் தராசில் வைப்பதே வீண்.

இடத்தில் அப்படியில்லை. ஐஆர்சி 64 காரை 1 என்றால் இருசக்கர வண்டியை 0.5 என்றும் லாரியை 3 என்றும் எடுக்கிறது. ஸ்கூட்டர் கட்டும் 95 காசு, காரின் 2.87-ல் மூன்றில் ஒன்று. எடுக்கிற இடமோ பாதி. போதாக்குறைக்கு டோலும் இல்லை. ஜிஎஸ்டி சாலையில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) மாலை ஆறு மணிக்கு உங்கள் ஸ்கூட்டர் அப்பாவி இல்லை.

நாமக்கல்_டாரஸ் · 2025 ஜூலை 24

ஆக எல்லாம் லாரிக்காரன் தலையில். லேடன் எடைக்குக் காலாண்டு வரி கட்டுகிறோம், டீசல் வரி கட்டுகிறோம், பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), டோல் எல்லாம் கட்டுகிறோம். இதற்கு மேல் அச்சுக்கும் வரியா அண்ணே? வாடகையில்தான் ஏற்றுவோம். அப்புறம் அரிசி விலை ஏறிவிட்டது என்று இங்கேயே வந்து இன்னொரு இழை திறக்காதீர்கள்.

அச்சுப்பளு · 2025 ஜூலை 24

உங்கள் டாரஸுக்கு, அந்தப் பத்து வீல் லாரிக்குத்தான் அநியாயம் நடக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2018 ஜூலையில் அச்சு வரம்பை ஏற்றினார்கள். நாலு டயர் உள்ள ஒற்றைப் பின்னச்சு 10.2 டன்னிலிருந்து 11.5. அந்த ஒன்றில் மட்டும் சேதம் 62 சதவீதம் கூடியது. இப்போது ஆறு வீல் லாரி முன்னச்சில் 7, பின்னால் 11.5, மொத்தம் 18.5 டன். ஐஆர்சி 37-ன் திட்ட அச்சுகளை, அதாவது சேதம் 1 அலகு என்று எடுத்துக்கொள்ளும் சுமைகளை வைத்துக் கணக்குப் போட்டால் (முன்னச்சுக்கு 65 கிலோநியூட்டன், ஒற்றைப் பின்னச்சுக்கு 80) முன்னால் 1.25, பின்னால் 3.95, கூட்டினால் 5.2 சேத அலகு. பத்து வீல் டாரஸ் முன்னால் 7, பின்னால் ஜோடி அச்சில் 21, மொத்தம் 28 டன். ஜோடி அச்சின் திட்டச் சுமை 148 என்பதால் 3.75 தான் வரும். முன்னச்சையும் சேர்த்து 5.0.

அதாவது டாரஸ் ஒன்பதரை டன் அதிகம் சுமந்தும் சாலைக்குச் செய்யும் சேதம் கொஞ்சம் குறைவு. டோல் யாருக்குக் கூட? டாரஸுக்கு! 2008 கட்டண விதிகளில் நாலுவழிச் சாலையின் அடிப்படை விகிதம் (2007-08 விலையில்) கிலோமீட்டருக்குக் கார் 65 காசு, இரண்டு அச்சு லாரி 2.20. மூன்று அச்சுக்குப் பின்னால் தனி வகை பிரித்து 2.40 வைத்தார்கள். நாலு முதல் ஆறு அச்சு 3.45, ஏழும் அதற்கு மேலும் 4.20. அச்சு கூடக்கூடக் கட்டணம் ஏறுகிறது. சாலையைக் காப்பாற்றும் வண்டிக்கு அபராதம், உடைக்கும் வண்டிக்குத் தள்ளுபடி.

கார், லாரி டோல் விகிதம் 3.4. இடக் கணக்கின் 3-க்கு இது பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். நம் டோல் இடத்தை அளக்கிறது; தேய்மானம் அதன் கணக்கிலேயே இல்லை.

அச்சுப்பளு · 2025 ஜூலை 25

மேலே சொன்னது வரம்புக்குள் ஓடும் வண்டிகளின் கணக்கு. ஆறு வீலில் பின்னச்சுக்கு 16 டன் ஏற்றினால் அந்த ஒரு அச்சே 15 சேத அலகு. பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ன்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. தொகை குறைவில்லை. பிடிபடும் வாய்ப்புதான் குறைவு. சாவடிகளில் ஓடும் வண்டியை எடை போடும் மேடை இருக்கிறது. அதில் வரும் எடை ஃபாஸ்டேக் கட்டணத்தோடு நேரடியாகச் சேர்ந்தால் அபராதம் விதிக்க ஆளே வேண்டாம், கட்டணமே அபராதமாகிவிடும். சேராதவரை எடைமேடை சாவடிக்கு ஓர் அலங்காரம்.

நாமக்கல்_டாரஸ் · 2025 ஜூலை 25

டாரஸுக்குக் குறையும் என்றால் இழையைத் தொடருங்கள்.

தென்னந்தோப்பு · 2025 ஜூலை 27

டிராக்டரை மறந்துவிட்டீர்கள். வயலில் உழும்போது எரியும் டீசலிலும் சாலை செஸ் 2 ரூபாய் இருக்கிறது. டீசல் பம்ப்செட் எந்த நெடுஞ்சாலையில் ஓடுகிறது?

அச்சுப்பளு · 2025 ஜூலை 27

இந்த இழையில் வந்த மறுப்புகளில் இதுதான் நேராக அடிக்கிறது. விசைப்படகுகளுக்கு மாநிலம் விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது, அளவு வரம்போடு. டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் அந்த ஏற்பாடு இல்லை.

நியூசிலாந்து இதே சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்தது. 1978 முதல் அங்கே டீசலில் சாலைக்கான கலால் கிடையாது. பண்ணையும் படகும் வெறும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சாலையில் ஓடும் டீசல் வண்டி மட்டும் கிலோமீட்டரை முன்கூட்டியே வாங்க வேண்டும். மூன்றரை டன்னுக்குக் கீழே 1,000 கி.மீ. 76 நியூசிலாந்து டாலர். எந்த ஓடோமீட்டர் எண்ணிலிருந்து எதுவரை வாங்கியிருக்கிறீர்கள் என்ற சீட்டு முன்கண்ணாடியில் இருக்கும். மீட்டர் சீட்டைத் தாண்டிவிட்டால் போலீஸ் நிறுத்தி அபராதம் போடலாம். வண்டித் தகுதிச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் அங்கே மீட்டர் எண் பதிவாகிவிடும், அதனால் இரண்டையும் ஒப்பிடலாம். கனரக வண்டிக்குச் சக்கரக் குடத்திலேயே தனி மீட்டர். அதன் விகிதம் எடைக்கும் அச்சு அமைப்புக்கும் ஏற்ப மாறும். அதே எடையை அதிக அச்சில் பரப்பினால் குறையும். நாமக்கல்காரருக்குப் பிடிக்கும்.

2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களும் அதே 76 டாலருக்குள் வந்துவிட்டன. பெட்ரோலும் ஊற்றிக்கொள்ளும் பிளக்-இன் வண்டிகளுக்குப் பாதி, 38.

பெருங்குடி_கோடர் · 2025 ஜூலை 29

ஜிபிஎஸ் வைத்துவிட்டால் சீட்டும் வேண்டாம் போலீஸும் வேண்டாம். அரசே செயற்கைக்கோள் டோல் அறிவித்ததே?

அச்சுப்பளு · 2025 ஜூலை 29

2024 செப்டம்பரில் விதியைத் திருத்தினார்கள். கருவி பொருத்திய வண்டிக்கு நாளொன்றுக்கு முதல் 20 கி.மீ. இலவசம் என்றும் அதில் இருக்கிறது. 2025 மே 1 முதல் நாடு முழுக்க வருகிறது என்று பரவிய செய்தியை ஏப்ரலில் அமைச்சகமே மறுத்தது. இப்போது பேசுவது ஃபாஸ்டேக்கோடு எண்பலகையைப் படிக்கும் கேமரா சேர்ந்த தடுப்பில்லாச் சாவடி, அதுவும் தேர்ந்தெடுத்த சில இடங்களில்.

லாரிக்கு ஜிபிஎஸ் சரி. ஜெர்மனி 2005 முதல் அப்படித்தான் வாங்குகிறது. சுவிட்சர்லாந்து 2001 முதல் எடை, தூரம், புகைத் தரம் மூன்றையும் பெருக்கி வாங்குகிறது. சொந்தக் காருக்கு வைத்தால் யார் எந்த ராத்திரி எங்கே போனார் என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கும். ஒரு வரிக்காக அவ்வளவு தகவல் தேவையில்லை. தூரம் மட்டும் வேண்டுமென்றால் ஓடோமீட்டர் போதும். அமெரிக்காவின் ஓரிகன் 2015 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் ஜிபிஎஸ் இல்லாத கருவியையும் ஓட்டுநர் தேர்ந்தெடுக்கலாம். அதிலும் விருப்பமுள்ளவர்தான் சேரலாம். 1919-ல் அமெரிக்காவிலேயே முதலில் பெட்ரோல் வரி போட்ட மாநிலம் அது.

கணக்குப்புலி · 2025 ஜூலை 30

ஓடோமீட்டரை யார் படிப்பது என்பதில்தான் நம் ஊரில் எல்லாம் சறுக்கும். புகைச் சான்று மையத்தில் படிக்கலாம் என்று உடனே தோன்றும். பிஎஸ் 4, பிஎஸ் 6 புகைத் தர வண்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போக வேண்டும். ஆனால் மின்சார வண்டிக்குப் புகைச் சான்றே கிடையாது. எந்த வண்டியிடம் வரி கேட்கிறோமோ அது அந்த வாசலுக்கு வராது.

அச்சுப்பளு · 2025 ஜூலை 31

ஆமாம். அதனால் காப்பீட்டுப் புதுப்பிப்பைப் பிடிப்பது மேல். 2022 ஜூலையில் ஓட்டும் தூரத்துக்கேற்ற பிரீமியத்துக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்தது. அந்த பாலிசி எடுக்கிறவரின் ஓடோமீட்டர் எண்ணை நிறுவனங்கள் ஏற்கெனவே வாங்கிக்கொள்கின்றன. கார்களுக்கு இது நடக்கும்.

இருசக்கர வண்டிக்கு நடக்காது. முதல் சில ஆண்டுக்குப் பிறகு காப்பீட்டைப் புதுப்பிக்காமலே ஓடுபவை ஏராளம். பழைய வண்டிகளில் முன்சக்கரக் கேபிளைக் கழற்றினால் மீட்டர் நின்றுவிடும். ஒரு ஸ்பேனர் போதும். அங்கே பெட்ரோல் வரியை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்தி. வசூல் செலவு இல்லை, ஏமாற்ற வழி இல்லை, 50 ரூபாய்க்கு அடித்தால் 50 ரூபாய் அளவுக்கு மட்டும் வரி. தினக்கூலி வாங்குகிறவருக்கு ஆண்டு முடிவில் மொத்தமாக ஒரு பில் நீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஊரப்பாக்கம்_ஸ்கூட்டர் · 2025 ஜூலை 31

பெட்ரோல் வரியை எடுக்கச் சொல்லி வந்தவனை பெட்ரோல் வரிக்கு நன்றி சொல்ல வைத்துவிட்டீர்கள்.

கடலூர்_முதுநகர் · 2025 ஆகஸ்ட் 1

ஏமாற்ற வழி இல்லையா? புதுச்சேரிக்குப் போய் டாங்க் நிரப்புகிறோமே, அது என்ன?

அச்சுப்பளு · 2025 ஆகஸ்ட் 1

அது ஏமாற்று இல்லை, எல்லைப் பொருளாதாரம். புதுச்சேரிக்கு ஆட்கள் நிரப்பிக்கொள்ளப் போவது பெட்ரோல் மட்டும்தானா என்று கேட்கப் போவதில்லை.

அச்சுப்பளு · 2025 ஆகஸ்ட் 3

லைஃப் டேக்ஸை இதுவரை தொடவில்லை. பார்க்கப் போனால் நியாயமின்மையில் முதலிடம் அதற்குத்தான்.

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இருசக்கரத்துக்கு ஒரு லட்சம் வரை 10, மேலே 12. 12 லட்சம் ரூபாய்க் காருக்கு 2,16,000. ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓட்டும் ஓய்வூதியர் 15 ஆண்டில் 75,000 கி.மீ. போவார், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 88 காசு. 20,000 ஓட்டுகிறவருக்கு அதே வரி 72 காசு. அளவில்லாச் சாப்பாட்டு டோக்கன் மாதிரி, குறைவாகச் சாப்பிடுகிறவர் மற்றவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். டோக்கனை வாங்கியபின், வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனாலும் ஒரு பைசா மிச்சமில்லை.

படிக்கட்டு இன்னும் மோசம். விகிதம் மொத்த விலைக்கும் பொருந்துவதால் 10,00,000 ரூபாய்க் காருக்கு 1,30,000, 10,01,000 ரூபாய்க் காருக்கு 1,80,180. விலை ஆயிரம் ஏறினால் வரி ஐம்பதாயிரம் ஏறுகிறது. வருமான வரியைப்போல் அந்தந்தப் படிக்குள் விழும் தொகைக்கு மட்டும் அந்தந்த விகிதம் என்று வைத்தால் இது தீர்ந்துவிடும். சட்டத்தில் ஒரு வரி மாற்றம். விலைப் பட்டியலில் 9.99 லட்சம் என்ற எண் ஏன் இவ்வளவு பிரபலம் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்புலி · 2025 ஆகஸ்ட் 3

மாநிலத்துக்கு அந்த மொத்தத் தொகை முதல் நாளே கையில் வருகிறது. 15 ஆண்டுக்கு நீட்டினால் முதல் சில ஆண்டு பட்ஜெட்டில் பள்ளம் விழும். பிஎச் வரிசை எண்ணுக்கு (மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத எண்) இரண்டிரண்டு ஆண்டாக வாங்குகிறார்கள், ஆகவே பிரித்து வாங்க முடியாது என்று சொல்ல முடியாது. விட மனசில்லை, அவ்வளவுதான்.

அச்சுப்பளு · 2025 ஆகஸ்ட் 8

நியூசிலாந்து போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் பிஷப் 6-ஆம் தேதி அறிவித்திருக்கிறார்: பெட்ரோல் கலாலையும் படிப்படியாக எடுத்துவிட்டு எல்லாக் கார்களையும் கிலோமீட்டர் கட்டணத்துக்கு மாற்றப் போகிறார்களாம், விரைவில் என்றால் 2027.

ஊரப்பாக்கம் கேட்டது அங்கே நடக்கப் போகிறது. பின்விளைவும் அங்கேயே தெரியும். நம் எண்ணில் சொன்னால், லிட்டருக்கு 25 கொடுக்கும் ஹைபிரிட் இப்போது கிலோமீட்டருக்கு 1.72 வரி கட்டுகிறது. 9 கொடுக்கும் பெரிய எஸ்யூவி 4.78. இரண்டுக்கும் 2.87 என்று சமன் செய்தால் ஹைபிரிட்காரர் எஸ்யூவிகாரருக்கு மொய் எழுதுகிறார். அதனால் பெட்ரோலில் ஒரு பங்கைப் புகைக்காக விட்டுவைத்து, மீதியை மட்டும் தூரத்துக்கு மாற்ற வேண்டும். லிட்டருக்கு 20 ரூபாய் புகைக்கு, மிச்சம் கிலோமீட்டருக்கு என்பது என் மனக்கணக்கு. சண்டை போடுகிறவர்கள் அந்த 20-இல் போடலாம்.

பெருங்குடி_கோடர் · 2025 ஆகஸ்ட் 16

நேற்று ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்துவிட்டது. 3,000 ரூபாய், 200 கடப்பு அல்லது ஓராண்டு. கடப்புக்கு 15 ரூபாய்தான். இதைவிட நியாயம் என்ன வேண்டும்?

அச்சுப்பளு · 2025 ஆகஸ்ட் 16

யாருக்கு லாபம் என்று பாருங்கள். சென்னையிலிருந்து திருச்சி போனால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். போய்வரப் பன்னிரண்டு கடப்பு. 200-ல் பதினாறு முறை போய்வரலாம். ஊருக்குக் காரில் அடிக்கடி போகிறவருக்கு அள்ளிக்கொடுத்த மாதிரி.

சாவடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்து தினமும் இருமுறை கடக்கிறவருக்கு 200 கடப்பு நூறு நாளில் தீர்ந்துவிடும். ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் 10,950 ரூபாய். அவர் 20 கி.மீ.க்குள் இருந்தால் மாதம் 350 ரூபாய் உள்ளூர் பாஸ் போதும், ஆண்டுக்கு 4,200. விளம்பரத்தைப் பார்த்து மாதப் பாஸை விட்டுவிடாதீர்கள். முகவரிச் சான்றை அந்தச் சாவடியிலேயே காட்டி வாங்க வேண்டியிருப்பதால் பலர் கேட்பதே இல்லை.

பாஸ் சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். டாக்ஸிக்கும் லாரிக்கும் இல்லை. மாநிலச் சாலைச் சாவடிகளில் செல்லாது. ஈசிஆரில் மாமல்லபுரம் போனால் தனியாகத்தான் கட்ட வேண்டும். சாவடிக் குத்தகைதாரருக்கு வரும் குறைவை அரசு ஈடுசெய்ய வேண்டும், அந்தப் பணம் எல்லோருடையதும். அடிக்கடி காரில் போகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் டவுன்பஸ் பயணிக்கும் பங்கு இருக்கிறது.

ஜூலையில் வந்த இன்னொரு திருத்தத்தை யாரும் பேசவில்லை. பாலமும் சுரங்கமும் நிறைந்த பகுதிக்கு முன்பு அமைப்பின் நீளத்தைப் பத்து மடங்காக எடுத்துக் கட்டணம் போட்டார்கள். இப்போது அந்தக் கணக்கு அல்லது மொத்த நீளத்தின் ஐந்து மடங்கு, எது குறைவோ அது. 40 கி.மீ.யும் பாலமாக இருந்தால் 400 கி.மீ. கட்டணம் 200 ஆகிறது. பாஸைவிட இது ஒழுங்கான வேலை, லாரிக்கும் பலன் போகிறது.

ஊரப்பாக்கம்_ஸ்கூட்டர் · 2025 ஆகஸ்ட் 17

ஜூனில் இருசக்கரத்துக்கும் டோல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே?

கணக்குப்புலி · 2025 ஆகஸ்ட் 17

பொய்ச் செய்தி, அமைச்சரே மறுத்தார்.

அச்சுப்பளு · 2025 செப்டம்பர் 23

நேற்று முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசி வரை இருசக்கரம் 28-லிருந்து 18. நாலு மீட்டருக்குள் சின்ன பெட்ரோல் கார் 29-லிருந்து 18. பெரியவை செஸ் போய் நேராக 40. வாங்கும்போது பிடுங்குவது குறைந்தது வரைக்கும் நல்லது. ஆனால் ஓட்டுவதற்கான வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. வண்டி மலிவாகும், எண்ணிக்கை கூடும், ஜிஎஸ்டி சாலை அதே அகலம்.

அதனால் இடக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். நெரிசலுக்குப் பெட்ரோல் வரி உதவாது. அது நள்ளிரவு ஊத்தங்கரைக்கும் மாலை ஆறு மணி கத்திப்பாராவுக்கும் ஒரே விலை. சிங்கப்பூர் நெரிசல் கட்டணத்தை 1975-ல் காகித உரிமத்தில் தொடங்கி, 1998-ல் கீழே போகும் வண்டியிடம் தானே கட்டணம் எடுக்கும் மின்னணு வளைவுக்கு மாறியது. விரைவுச் சாலையில் வேகம் 45-லிருந்து 65-க்குள் நிற்கும்படி கட்டணத்தை அவ்வப்போது ஏற்றி இறக்குகிறார்கள். வேகம் சரியாக இருந்தால் கட்டணம் பூஜ்யம்கூட ஆகும். ஸ்டாக்ஹோம் 2006-ல் நெரிசல் கட்டணத்துக்கு ஏழு மாதம் சோதனை ஓட்டம் விட்டு, போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்த பிறகு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஜெயித்தது. இந்த வரிசை முக்கியம்: முதலில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் தோற்றிருக்கும்.

சென்னைக்கு வளைவு இன்று வேண்டாம். தெருவில் நிறுத்துவதற்கு ஒழுங்காகக் காசு வாங்கினாலே பாதி வேலை ஆகும்.

கணக்குப்புலி · 2025 அக்டோபர் 19

மாநிலமே கிலோமீட்டர் வரி போடச் சட்டம் இடம் கொடுக்குமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021-ல் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை சென்ட் போட்டது. 2023 அக்டோபர் 18 அன்று உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம்) 4-க்கு 3 என்று ரத்து செய்தது. அது கலால், கலால் போடும் அதிகாரம் அந்நாட்டு மத்திய அரசுக்கு மட்டுமே என்பது காரணம். இங்கே நிலைமை வேறு. மாநிலப் பட்டியலின் 57-வது இனம் வாகன வரியை மாநிலத்துக்கே தருகிறது. ஜிஎஸ்டி திருத்தமும் அதைத் தொடவில்லை. பொதுப் பட்டியலின் 35-வது இனப்படி அந்த வரிக்கான கொள்கைகளை நாடாளுமன்றம் வகுக்கலாம். ஆக 1974-ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தைத் திருத்தினால் போதும் என்பது என் வாசிப்பு. வேறு மாநிலத்தில் ஓடிய கிலோமீட்டரை என்ன செய்வது என்பதுதான் வழக்காக வரும்.

அச்சுப்பளு · 2025 நவம்பர் 28

பிரிட்டன் 26-ஆம் தேதி பட்ஜெட்டில் குதித்துவிட்டது. 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ், பிளக்-இன் வண்டிக்கு ஒன்றரை. ஜிபிஎஸ் இல்லை. ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுவோம் என்று நீங்களே சொல்லி முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஆண்டுச் சோதனையில் மீட்டரைப் பார்த்துக் கூட்டிக் கழிப்பார்கள். நாம் காப்பீட்டில் சொன்ன அதே வழி.

நாமக்கல்_டாரஸ் · 2025 நவம்பர் 30

எல்லாம் சரி. சக்கரக் குடத்தில் மீட்டர் என்றீர்களே, நம் ஆட்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால்?

அச்சுப்பளு · 2025 நவம்பர் 30

கழற்றுவார்கள். கார் மீட்டரையும் லேப்டாப் வைத்துப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். லாரியில் மறைப்பது கஷ்டம், ஏனென்றால் தூரம் வேறு இரண்டு இடத்திலும் பதிவாகிறது. ஈ-வே பில்லில் (சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) அனுப்பும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர் எல்லாம் இருக்கும், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று செல்லுபடி. வெறும் வண்டியாகத் திரும்பும்போது பில் இருக்காது, ஆனால் ஃபாஸ்டேக் ஒவ்வொரு சாவடியிலும் நேரத்தோடு பதியும். மாதக் கடைசியில் இந்த இரண்டையும் கூட்டி, குடத்து மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த வண்டியை மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும். சாவடி இல்லாத கிராமச் சாலையில் எம்-சாண்ட் அடிக்கும் டிப்பர்தான் நழுவும். அதற்குக் குவாரி வாசல் எடைமேடைச் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டே பொய்யாக இருந்தால் பிரச்சினை மீட்டரில் இல்லை.